நாலாம் நம்பர் ரூமின் லேப்டாப்

ரஞ்சிதாவுக்கு லேப்டாப் வேண்டுமாம் என்று ரேவதி போனில் சொன்னபோது, மாதேஸ்வரி கையில் எடுத்த களி உருண்டையை அப்படியே தட்டில் வைத்தாள்.

"எந்த ரஞ்சிதா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டாள். அவள் வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு ரஞ்சிதாதான்.

"ம்ம், ஊர்ல பத்து ரஞ்சிதா கீறாங்க பாரு," என்றாள் ரேவதி. "குந்தாரப்பள்ளி கிட்ட ஒரு கம்பெனில ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கறாங்களாம். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி கம்ப்யூட்டர்ல உக்கார வச்சுப் பாப்பாங்களாம். ஸ்டாக்கு ஏத்தத் தெரியணும். இவ கீபோர்டத் தொட்டு எட்டு வருசம் ஆவுது. லைன் வேலைக்கு முப்பது தாண்டினவள எவன் சேத்துக்கறான்? இத விட்டா அவளுக்கு வேற இல்லடி."

"என்கிட்ட அவளே கேக்கலாமில்ல?"

"நல்லா கேப்பா. 'அவ எங்க குடுக்கப் போறா, ஏதாச்சும் சாக்கு சொல்லுவா பாரு'ன்னா. சாக்கு சொல்லாம குடுத்துரு மாதேசு. இல்லன்னா இந்த ஜென்மம் முழுக்க உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் போஸ்ட்மேன்."

"அது ரூம் லேப்டாப்புடி. யாருக்கு வேணுமோ அவங்களுக்கு. அதான ரூல்? ஞாயித்துக்கெழம நானே கொண்டு போய்க் குடுக்கறன்னு சொல்லு."

சொல்லிவிட்டாள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவினாள்.

அந்த லேப்டாப் மாதேஸ்வரிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. கெலமங்கலம் அரசுப் பள்ளியில் பெயர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, கறுப்புப் பையோடு கொடுத்தார்கள். அவளுடைய அப்பா கரியப்பன் அன்றைக்குத் தக்காளித் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். வீடு வரைக்கும் பையை மகளிடம் தரவே இல்லை. வீட்டில் துண்டை விரித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, முன்னும் பின்னும் பார்த்தார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் எத்தனையோ கன்று பார்த்த கண். "கன்னுன்னா பல்லப் பாக்கலாம், சுழி பாக்கலாம். இதுல இன்னாத்தப் பாக்கறது?" என்றார். அம்மா மாரம்மா அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடுதே, இதுக்குக் காய்ச்சலா?" என்றாள். அந்த வருடம் அந்தத் தெருவில் அதைத் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை.

பதினெட்டு வயதில் ஓசூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது இரண்டு செட் துணியோடு அதுவும் அவளுடன் போனது. செல்போன் செய்கிற கம்பெனி. சிப்காட்டை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் நாலாம் நம்பர் அறை. அங்கே ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். தர்மபுரியிலிருந்து வந்த ரேவதி, காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருந்து வந்த ரஞ்சிதா. மூன்று பேருக்கும் ஒரே மேசையில் வேலை. லைனில் சோதனையில் தோற்ற போன்களெல்லாம் அவர்களிடம் வரும். அவற்றைப் பிரித்து, கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்து திருப்பி அனுப்ப வேண்டும். கம்பெனியில் அதற்கு ரீவொர்க் என்று பெயர். நாள் முழுக்கத் தோற்றவற்றைப் பார்க்கிற வேலை என்று ரேவதி சலித்துக்கொள்வாள்.

காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். ஓசூர்ப் பனியில் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு மூன்று பேரும் ஒரே ஆளாக ஒட்டி நிற்பார்கள். திரும்பி வந்தால் லேப்டாப். ஸ்பீக்கரில் சத்தம் போதாதென்று பித்தளைச் சொம்புக்குள் போனை வைத்துப் பாட்டுக் கேட்கும் கூட்டம், லேப்டாப்பை அலுமினியக் குண்டான் மேல் சாய்த்து வைத்துப் படம் பார்த்தது. பத்து மணி அடித்ததும் வீட்டுக்காரர் கங்கப்பன் வாசலில் நின்று, "ஹத்து கண்டெ ஆய்த்தம்மா!" என்று கன்னடத்தில் சத்தம் போடுவார். மணி பத்து ஆனது அவர்களுக்கும் தெரியும். கதாநாயகன் சாகிற நேரத்தில்தான் அவருக்கும் மணி தெரியும்.

அந்த லேப்டாப்பில்தான் ரஞ்சிதா தட்டச்சு பழகினாள். மாதேஸ்வரி சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு ரஞ்சிதா, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை எப்படிச் சூடு வைத்து ஒட்டுவது என்று மாதேஸ்வரிக்குச் சொல்லிக்கொடுத்தாள். மூன்று பேரில் நல்ல கை ரஞ்சிதாவுடையது. அது எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் மாதேஸ்வரி லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். ரேவதி இதை வைத்துக்கொண்டு தபால்வழியில் பட்டம் வாங்கினாள். உள்ளே ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, புது விண்டோஸ் போட்டதும் அவள்தான். அதற்குப் பிறகு இது மாதேஸ்வரியிடமே இருக்கிறது. கைமாறும்போது உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுக் கொடுப்பது வழக்கம். ஒருத்தியின் கதை இன்னொருத்திக்கு எதற்கு? மாதேஸ்வரி வேண்டிய படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, ஃபேக்டரி ரீசெட் கொடுத்தாள். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. அழி என்றாள்.

சதவீதம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. ஈரத்துணியை எடுத்து மூடியைத் துடைத்தாள், ஓரங்களைத் துடைத்தாள், விசைகளுக்கு மேலே படிந்திருந்த பழைய கறைகளை எல்லாம் அழுத்தித் துடைத்தாள். ரஞ்சிதாவிடம் போகிறது, அழுக்காகவா போவது?

நூறு சதவீதம் வந்தது. லேப்டாப் அணைந்து, எரிந்தது. திரையில் அதன் கம்பெனி முத்திரை வந்தது. மறுபடி அணைந்தது. மறுபடி எரிந்தது. முத்திரை. இருட்டு. முத்திரை. இருட்டு.

சாயங்காலம் வரை அப்படியே.

ஓசூர் தாலுகா ஆபீஸ் சாலையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ராஜேஷ்குமாரிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவன் ஒரு பென்டிரைவைச் செருகிப் பார்த்தான், இன்னொன்றைச் செருகிப் பார்த்தான். எதையும் படிப்பதற்கு முன்பே அது அணைந்தது.

"அக்கா, ரீசெட் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? இந்த வயசுல இதுக்கெல்லாம் ரீசெட் தாங்குமா? போர்டு போயிடுச்சுக்கா."

"நேத்து வரைக்கும் ஓடிச்சுப்பா."

"நேத்து வரைக்கும் எல்லாரும்தான் ஓடறாங்க. இது லேப்டாப் இல்லக்கா, இது ஏழு படி ஏறினா உக்காந்துக்கற பெருசு. விட்டுடுங்க."

வீட்டுக்கு வந்து ரேவதியைக் கூப்பிட எண்ணைத் தேடினாள். விரல் நின்றது. என்ன சொல்வது? 'ரீசெட் போட்டேன், கெட்டுப்போச்சு' என்றா? ரஞ்சிதா அதைக் கேட்டு எப்படிச் சிரிப்பாள் என்று அவளுக்குக் காதிலேயே கேட்டது. இத்தனை வருடம் நன்றாக ஓடிய பொருள், அவளுக்குத் தர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கெட்டுப்போனதாம். மாதேஸ்வரியே நம்பமாட்டாள்.

"வேற ஒண்ணு பழசு வாங்கிக் குடுத்துடலாம்," என்றான் அவள் கணவன் வெங்கட். "இதான் அதுன்னு குடு. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

"அவளுக்கா தெரியாது? பின்னாடி எத்தன திருகாணின்னு கேளுங்க, சொல்லுவா."

"அப்ப நான் ஃபோன் பண்ணிப் பேசட்டா?"

"வேணாங்க. இவ தனக்குப் பதிலா ஆள் விட்டான்னு ஆயிடும்."

வெங்கட் போனைக் கீழே வைத்தான். அந்தக் கதை அவனுக்கும் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்னால், செல்போன் கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நாட்கள். ஒருநாள் காலையில் சூப்பர்வைசர் மாதேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்திலேயே இன்னொரு யூனிட் திறக்கிறது, ரீவொர்க் மேசையிலிருந்து இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் பெயர் வேண்டும் என்றார். ரஞ்சிதா அன்று விடுப்பு. ஊரில் அவளுக்கு நிச்சயதார்த்தம். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. போன் வெளியே லாக்கரில் இருந்தது. டீ இடைவேளையில் லாக்கர் வரை நடந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாதேஸ்வரி டீ குடித்தாள். கல்யாணம் ஆகப் போகிறவள், எப்படியும் வேலையை விட்டுவிடுவாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தன் பெயரையும் ரேவதியின் பெயரையும் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து, கை நிறைய மருதாணியோடு ரஞ்சிதா திரும்பி வந்தாள். நோட்டீஸ் போர்டில் இரண்டு பெயர்களைப் பார்த்தாள், கொடுத்தது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த இரண்டு பெயர்களால் மாதேஸ்வரி நிரந்தரம் ஆனாள். இன்று வேறொரு கம்பெனியில், புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கெட்டுப்போன லேப்டாப்பையே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கிருஷ்ணகிரியில் இறங்கி, காவேரிப்பட்டினத்துக்கு வேறு பஸ். மாந்தோப்புகளுக்கு நடுவே சாலை போனது. மடியில் பை கனத்தது. சரிசெய்ய முடியாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறோம் என்று பாதி வழியில் ஒருமுறை தோன்றியது. திரும்புவதற்கும் பஸ் ஒன்றுதான், போவதற்கும் ஒன்றுதான். உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் திறந்தது ரஞ்சிதாவின் மாமியார் லட்சுமியம்மாள். "எவரம்மா?" என்று தெலுங்கில் கேட்டு, பதில் வருவதற்குள் உள்ளே பார்த்து, "ரஞ்சி, எவரோ ஒச்சிண்டாரு," என்று ஆள் வந்திருப்பதைச் சொன்னாள்.

ரஞ்சிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

மாதேஸ்வரி பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'வாடி'யைத் தவிர வேறு எதையும் ரஞ்சிதாவின் வாயிலிருந்து கேட்டதில்லை. இந்த 'வாங்க'வைவிட நாலு கெட்ட வார்த்தை தேவலை.

"லேப்டாப்பு கொண்டு வந்தன். ஆனா கெட்டுப்போச்சு. நேத்து ரீசெட் போட்டன், அதுல இருந்து நிக்காம ரீஸ்டார்ட் ஆவுது."

"அப்படீங்களா."

"சாக்கு சொல்றன்னு நெனப்ப. நீயே பாரு. பிளக்கு எங்க?"

ரஞ்சிதா சுவரைக் காட்டினாள். பேட்டரி செத்து மூன்று வருடம். சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும். வந்தது. முத்திரை தெரிந்தது, அணைந்தது. மறுபடி தெரிந்தது, அணைந்தது. இருவரும் தரையில் இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதாவின் வலது கை விரல் மட்டும் முழங்கால்மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை அணைந்ததும் விரல் நின்றது.

"எட்டு," என்றாள்.

"இன்னா எட்டு?"

"செகண்டுடி. ஒவ்வொரு தடவையும் எட்டு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

மாதேஸ்வரி எண்ணிப் பார்த்தாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டுதான். நேற்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது! லைனில் எந்த வேலைக்கும் இத்தனை நொடி என்று கணக்கு உண்டு. அவர்கள் எண்ணாமலே எண்ணிப் பழகியவர்கள்.

"விண்டோஸ் கோளாறுன்னா ஒரு தடவ சீக்கிரம் போவும், ஒரு தடவ லேட்டா போவும்," என்றாள் ரஞ்சிதா. "இது யாரோ பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு அணைக்கற மாதிரி இல்ல?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "பதினேழு!"

ரீவொர்க் மேசைக்கு மேலே சுவரில் கோளாறுகளின் பட்டியல் ஒன்று தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பதினேழு என்றால் பட்டன் சிக்கிக்கொண்டது. மூன்று நம்பர், திரை வேலை செய்யவில்லை. ஒன்பது, சத்தம் வரும், வேறு ஒன்றும் நடக்காது; அறையில் கங்கப்பனுக்கு ஒன்பது என்றுதான் பெயர்.

"ரீசெட்டுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லடி," என்றாள் ரஞ்சிதா. "எவன் போர்டு போச்சுன்னான்?"

"கடைக்காரப் பையன்."

"அவனுக்கு மொதல்ல ரீசெட் போடு."

அவள் உள்ளே போய், தையல் மிஷின் பெட்டியிலிருந்து சின்னத் திருப்புளியும், கூர்மையான ஒரு இடுக்கியும் எடுத்து வந்தாள். மாதேஸ்வரி இடுக்கியைப் பார்த்தாள். பிடியில் கம்பெனியின் நீல டேப் இன்னும் ஒட்டியிருந்தது.

"இத ஒப்படைக்கலியா நீ?"

"எட்டு வருசமா இதுலதான் முள்ளு எடுக்கறன், புருவம் எடுக்கறன். போய் சூப்பர்வைசர் சார் கிட்ட சொல்லேன்."

திருகாணிகளை மாதேஸ்வரி கழற்றினாள். கழற்றிய வரிசையிலேயே ரஞ்சிதா அவற்றைத் தட்டில் வைத்தாள். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒருத்தி கையை நீட்டுவதற்குள் மற்றவள் வைத்தாள். விசைப்பலகையைத் தூக்கி, பவர் பட்டனின் சின்ன வட்ட மூடியை இடுக்கியால் நெம்பியதும், ரஞ்சிதா கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு குனிந்தாள். அப்புறம் நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மாதேஸ்வரி பயந்துபோனாள்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாரு. சந்தனம்."

மூடிக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு சேறு, ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் காயாமலும் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கம்பெனியில் ஆயுத பூஜைக்கு வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள், பொரி கொடுப்பார்கள். ஆனால் அவர்களுடைய ஹாலுக்குள் ஒரு தூசி போகக் கூடாது. பூ கூடாது, விபூதி கூடாது, மெஷினுக்குப் பொட்டு வைக்கவே கூடாது. வருடம் முழுக்கச் சோறு போட்ட கருவிக்கு ஒரு பொட்டு இல்லையா என்று மூன்று பேருக்கும் மனசு கேட்காது. அறைக்கு வந்து, அந்தப் பொட்டையெல்லாம் லேப்டாப்புக்கு வைப்பார்கள். எங்கே வைப்பது என்ற கேள்வியே வரவில்லை. விசைப்பலகைக்கு மேலே, நட்டநடுவில், வட்டமாக ஒன்று இருந்தது. அதுதான் அதன் நெற்றி. சந்தனம், அதன்மேல் குங்குமம். வருடா வருடம். ரேவதியிடம் இருந்தபோது ரேவதி வைத்தாள். மாதேஸ்வரி போன அக்டோபரில்கூட வைத்தாள்.

"மொத பொட்டு நீதான் வச்ச," என்றாள் மாதேஸ்வரி.

"நான் அளவா வச்சன். வாளி வாளியா கரைச்சு ஊத்தினது நீங்க ரெண்டு பேரும். இத்தன வருசம் காஞ்சு கெடந்தது நேத்து எப்படி எறங்குச்சு?"

"ஈரத்துணி போட்டுத் தொடச்சன்."

"எதுக்கு?"

மாதேஸ்வரி தயங்கினாள். "உங்கிட்ட வருதேன்னு."

ரஞ்சிதா உள்ளே போய்ப் பஞ்சு எடுத்து வந்தாள். மாமியாருக்கு ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, பட்டனின் ஓரத்தைத் தொட்டாள். தொட்டாள், எடுத்தாள், பஞ்சைத் திருப்பினாள், மறுபடி தொட்டாள். அந்தக் கை கொஞ்சமும் மாறவில்லை. லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமிக்கு வச்சது, கால்ல படாத எடத்துல போடு ரஞ்சி," என்றாள். பஞ்சு செடிக்கடியில் போனது.

மூடியை மாட்டி அமுக்கினார்கள். டக்கென்று போய் டக்கென்று வந்தது. முத்திரை வந்தது. இருவர் விரல்களும் முழங்காலில் தட்டின. ஆறு, ஏழு, எட்டு. ஒன்பது. பத்து.

அணையவில்லை. 'தயாராகிறது' என்று எழுதி, புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

"ரேவதி சொன்னப்ப நம்பல," என்றாள் ரஞ்சிதா, திரையைப் பார்த்தபடியே. "நீ வந்து நின்னப்பவும் நம்பல. வேணும்னே கெடுத்துத் தூக்கிட்டு வந்திருக்கான்னு நெனச்சன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வந்த?"

"அன்னைக்கு லாக்கர் வரைக்கும் நடக்கல. அதான்." மாதேஸ்வரியின் குரல் இறங்கியது. "உன் பேர நான் சொல்லல ரஞ்சி. மறந்து போய் இல்ல. நீ எப்படியும் போயிடுவன்னு நானே முடிவு பண்ணிட்டன்."

ரஞ்சிதா கண்ணாடியைக் கழற்றி, சேலை ஓரத்தில் துடைத்தாள்.

"நீ கேட்டிருந்தன்னா நான் வரலன்னுதான்டி சொல்லியிருப்பன். மாப்பிள்ள வீட்டுல ஓசூருக்கு அனுப்பமாட்டம்னு நிச்சயத்தன்னைக்கே சொல்லிட்டாங்க. ரேவதி பேரப் போடுன்னு நானே சொல்லியிருப்பன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "என்னயச் சொல்ல விட்டிருக்கலாம். அவ்ளோதான்."

மன்னிப்பு என்ற சொல் மாதேஸ்வரியின் நாக்குவரை வந்து, அந்த வீட்டுக்குப் பொருந்தாத நாற்காலி மாதிரி நின்றது. ரஞ்சிதாவும் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. எழுந்து போய் இரண்டு தட்டில் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள். தின்று முடிப்பதற்குள் திரை வெளுத்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. ரஞ்சிதா ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி, பதில் அடித்தாள்.

"எல்லாம் மறந்துபோச்சு," என்றாள் பயத்தோடு. "இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு. இவ்ளோ மெதுவா அடிச்சா தொரத்திட மாட்டாங்களா?"

"கையக் குடு. இந்த விரல் இங்க. கீழ பாக்காத."

"பாக்காம எப்படிடி அடிக்கறது?"

"கம்பிய ஒட்டும்போது மூச்சு விடாதன்னு எனக்குச் சொன்னியே, அப்ப நான் எப்படி ஒட்டினன்? அடி."

ஸ்டோர்ஸில் என்னென்ன இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பதைக் கட்டம் கட்டமாக ஏற்றினார்கள். புளி இரண்டு கிலோ. ராகி ஒரு மூட்டை. மாமியார் மாத்திரை பதினாலு. லட்சுமியம்மாள் உள்ளிருந்தபடியே, "பதிமூணு, காலைல ஒண்ணு போட்டுட்டேன்," என்று திருத்தினாள். ரஞ்சிதா அழித்துவிட்டுச் சரியாக அடித்தாள்.

வெயில் வாசலைவிட்டு நகர்ந்தது. மாதேஸ்வரி மணியைப் பார்த்தாள். அதை ரஞ்சிதாவும் பார்த்துவிட்டாள்.

"பஸ்சு எத்தன மணிக்கு?"

"நாலரைக்கு."

"அதுக்கு அப்புறம்?"

"அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு இருக்கும்."

"அதுல போ," என்றாள் ரஞ்சிதா, லேப்டாப்பை இருவருக்கும் நடுவே இழுத்து வைத்து. "இப்ப இந்தக் கட்டத்த எல்லாம் கூட்டறது எப்படின்னு சொல்லு."